இலங்கையைச் சுற்றிப் போகும் ரொக்கெட்

பருத்தித்துறை, பூநகரி, அவிசாவளை, காலி. இலங்கைப் படத்தில் இந்த நான்கையும் தொட்டபடி ஓர் அடிமட்டத்தை வைத்துவிடலாம். நான்கும் ஏறத்தாழ 80.2 பாகை கிழக்கு நெட்டாங்கில் கிடக்கின்றன. அடிமட்டத்தை வடக்கே நகர்த்தினால் கடலோடு கடலாகப் போய்ச் சென்னையில் ஏறும். அங்கிருந்து இன்னும் சுமார் எழுபத்தைந்து கிலோமீற்றர் வடக்கே, பழவேற்காடு ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு தீவு இருக்கிறது. அதுதான் ஸ்ரீஹரிகோட்டா. இந்தியாவின் பெரிய ரொக்கெட்டுகள் எல்லாம் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. வெள்ளவத்தையிலிருந்து அது ஏறத்தாழ 750 கிலோமீற்றர். கொழும்பு அந்தக் கோட்டுக்கு நாற்பது கிலோமீற்றர் மேற்கே ஒதுங்கி நிற்கிறது, அவ்வளவுதான்.

அங்கிருந்து ஒரு ரொக்கெட்டை நேர் தெற்கே விட்டால் அது சென்னையைக் கடந்து, இலங்கையின் தலையிலிருந்து கால் வரை பறந்து போகும். விடுவதில்லை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவங்களை நோக்கிப் போகவேண்டிய பி.எஸ்.எல்.வி. ரொக்கெட் முதலில் தென்கிழக்கே, வங்காள விரிகுடாவுக்கு மேலாகக் கிளம்புகிறது. இலங்கையைச் சுற்றிப் போவதற்குப் போதுமான அளவு விலகிய பிறகு வலது பக்கம் திரும்பித் தெற்கே போகிறது. நாம் ஒரு ரொக்கெட்டும் செய்யவில்லை. ஆனால் ஒரு ரொக்கெட்டின் பாதையை முப்பது வருடங்களாக வளைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த வளைவுக்கு எவ்வளவு செலவு, ஏன் அவ்வளவு செலவு என்று கேட்கத் தொடங்கினால் ரொக்கெட் விஞ்ஞானத்தின் அடிப்படை முழுவதும் அதற்குள் வந்துவிடும்.

தெற்கே ஏன் போகவேண்டும்? பூமியைப் படம் பிடிக்கும் செய்மதிகளுக்கு வடதுருவத்திலிருந்து தென்துருவம் வரை ஓடும் பாதைதான் தோது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ நூறு நிமிடம். செய்மதி மேலும் கீழுமாகச் சுற்ற, அடியில் பூமி கிழக்கே உருள, சில நாட்களில் உலகம் முழுவதும் கமராவுக்குள் வந்துவிடும். இதில் ஒரு நுட்பமும் உண்டு. பாதையைச் சரியாக 90 பாகையில் வைக்காமல் 98 பாகை அளவில் சாய்த்தால், ஒவ்வொரு முறையும் ஓர் இடத்தின் மேல் ஒரே சூரிய நேரத்தில் செய்மதி கடந்து போகும். போன மாதத்துப் படத்திலும் இந்த மாதத்துப் படத்திலும் நிழல் ஏறத்தாழ ஒரே பக்கம் விழும். வயல் பச்சை மாறியிருக்கிறதா, குளம் வற்றியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்தச் சாய்வுக்காக ரொக்கெட் நேர் தெற்குக்கும் கொஞ்சம் மேற்கே முகம் வைக்கவேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் நின்று பார்த்தால் அந்தத் திசையில் தமிழ்நாடு. நேரே இலங்கை. இரண்டிலும் கோடிக்கணக்கில் சனம். கிழக்கே விலகிப் போவதைத் தவிர வேறு வழி இல்லை.

திரும்புவது என்ன பெரிய காரியமா என்று தோன்றலாம். தரையில் ஓடுவது தரையைத் தள்ளித் திரும்புகிறது. தோணி நீரைத் தள்ளித் திரும்புகிறது, விமானம் காற்றை. வெற்றிடத்தில் போகும் ரொக்கெட்டுக்குத் தள்ளுவதற்கு எதுவும் இல்லை. தான் சுமந்துகொண்டு போகும் சரக்கைத்தான் தள்ளவேண்டும். முன்னே போவதற்கும் அதுதான், பக்கவாட்டில் திரும்புவதற்கும் அதுதான்.

இதை 11ஆம் தரத்துப் பிள்ளை ஒருவரிடம் கேட்டால் உடனே சொல்வார்: ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமமும் எதிருமான மறுதாக்கம் உண்டு. 1687இல் நியூட்டன் எழுதிய மூன்றாம் விதி. விதியை ஒப்புவிப்பது இலகு. நம்புவதுதான் கஷ்டம். வாயு கீழே பாய்ந்து காற்றை உதைக்கிறது, அந்த உதையில் ரொக்கெட் எழும்புகிறது என்றுதான் மனம் நினைக்கும். 1920 ஜனவரி 13ஆம் திகதி நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் ஆசிரிய தலையங்கமே அப்படி நினைத்தது. ரொபேட் கொடார்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் சந்திரன் வரை ரொக்கெட் அனுப்பலாம் என்று எழுதியதற்கு, காற்றில்லாத இடத்தில் எதை உதைத்துப் போகும், பாடசாலைப் பிள்ளைக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியவில்லையே என்று கேலி செய்தது. 1969 ஜூலை 17ஆம் திகதி, அப்பலோ 11 சந்திரனை நோக்கிக் கிளம்பிய மறுநாள், அதே பத்திரிகை ஒரு திருத்தம் வெளியிட்டது. கொடார்ட் இறந்து ஏறத்தாழ 24 வருடங்கள் ஆகியிருந்தன.

வருடப் பிறப்பு நள்ளிரவில் கொட்டாஞ்சேனையின் எந்தத் தெருவில் நின்றாலும் தலைக்கு மேலே சீறிப் போகும் வாணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் அடைத்த கடதாசிக் குழல், உள்ளே கரிமருந்து, அடியில் களிமண்ணால் ஒடுக்கிய ஓட்டை, நீளமாக ஒரு குச்சி. மருந்து எரிந்து வாயுவாகும்போது அந்த வாயு குழலின் உட்பக்கத்தை எல்லாத் திசையிலும் அமுக்குகிறது. இடதுபக்க அமுக்கத்தை வலதுபக்கம் ஈடுசெய்கிறது. மேற்பக்க அமுக்கத்தை ஈடுசெய்யக் கீழே சுவர் வேண்டும். அங்கேதான் ஓட்டை. ஈடில்லாமல் மிஞ்சும் அந்த மேல்நோக்கிய விசைதான் வாணத்தைத் தூக்குகிறது. தள்ளல் நடப்பது குழலுக்கு உள்ளே. வெளியே காற்று இருக்கிறதா இல்லையா என்பது அதற்குப் பொருட்டல்ல. சொல்லப்போனால், காற்று இல்லாவிட்டால் இன்னும் நன்றாகப் போகும்.

அப்படியானால் காற்றில்லாத இடத்தில் மருந்து எரிவது எப்படி? எரிவதற்கான ஒட்சிசனும் உள்ளேயே இருக்கிறது. கரிமருந்தில் கரி, கந்தகம், வெடியுப்பு என்று மூன்று சரக்கு. வெடியுப்புத்தான் ஒட்சிசனைக் கட்டி வைத்திருக்கிறது. விமான இயந்திரத்துக்கும் ரொக்கெட்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். விமானம் ஒட்சிசனைப் போகிற வழியில் வாங்கிக்கொள்கிறது, ரொக்கெட் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகிறது. குச்சி அழகுக்கு அல்ல. வாணத்தின் மூக்கு ஒரு பக்கம் சாய்ந்தால், பின்னால் நீளும் குச்சியில் காற்று மோதி அதைத் திரும்பவும் நேராக்கும்.

கடதாசிக் குழலை இரும்புக் குழலாக்கினால் என்ன நடக்கும்? இந்தக் கேள்விக்கு விடை தமிழ் மண்ணில், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள புள்ளலூரில் கிடைத்தது. 1780 செப்டெம்பர் 10ஆம் திகதி கேணல் வில்லியம் பெய்லியின் கீழ் வந்த கிழக்கிந்தியக் கம்பனிப் படையை மைசூரை ஆண்ட ஹைதர் அலியும் அவருடைய மகன் திப்புவும் அங்கே நசுக்கினார்கள். கம்பனியின் வெடிமருந்து வண்டிகள் நடுச் சண்டையில் வெடித்துச் சிதறின. அதற்குக் காரணம் மைசூர் ரொக்கெட்டுகள் என்று பரவலாக எழுதப்பட்டிருக்கிறது. சீனாவில் பிறந்த வாணம் பல நூற்றாண்டுகளாக உலகம் சுற்றியிருந்தாலும் அதன் உடம்பு பெரும்பாலும் மூங்கிலாகவோ கடதாசியாகவோ இருந்தது. மைசூர்க் கொல்லர்கள் அதை இரும்பில் அடித்தார்கள். இரும்பு கூடுதலான அமுக்கத்தைத் தாங்கும். உள்ளே அமுக்கம் கூடினால் மருந்து வேகமாக எரியும், வாயு வேகமாக வெளியேறும், வீச்சு நீளும். ஒரு கிலோமீற்றரைத் தாண்டி, சிலது இரண்டு கிலோமீற்றர் வரையும் போனது. குறி தவறும்தான், ஆனால் குதிரைகளும் மாடுகளும் நிறைந்த ஒரு படைக்குள் சீறிக்கொண்டு வந்து விழும் இரும்புக்குக் குறி அவ்வளவு முக்கியமில்லை. 2018இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், நகரா என்ற இடத்தில் ஒரு பழைய கிணற்றைத் தோண்டியபோது இப்படிப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்புக் குழல்கள் கிடைத்தன.

இந்தக் கதையில் கொழும்புக்காரருக்கும் ஓர் ஓரத்து இடம் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் கொழும்பைக் காவல் காத்த கூலிப்படைகளில் ஒன்று சுவிட்சர்லாந்தின் டி மெரோன் படைப்பிரிவு. 1795இல் பிரித்தானியர் அதன் சொந்தக்காரரான பிரபுவோடு சுவிட்சர்லாந்திலேயே பேரம் பேசி, படையை அப்படியே தம் பக்கம் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வருடம் கொழும்பும் கைமாறியது. அந்த டி மெரோன் படையும் 1799 மே 4ஆம் திகதி திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கபட்டணத்தை வீழ்த்திய படைகளோடு நின்றது. கோட்டைக்குள் அகப்பட்ட ரொக்கெட்டுகள் இங்கிலாந்தின் வூலிச் ஆயுதசாலைக்குக் கப்பலேறின. அங்கே வில்லியம் கொங்கிறீவ் என்ற ஆங்கிலேயர் அவற்றைப் பார்த்து, அளந்து, திருத்தி, சில வருடங்களுக்குள் சொந்தப் பெயரில் ஒரு ரொக்கெட் செய்தார். 1807இல் கொப்பன்ஹேகன் நகரம் அதில் எரிந்தது. 1963இல் பயிற்சிக்காக அமெரிக்காவின் வலப்ஸ் தீவு ஏவுதளத்துக்குப் போன அப்துல் கலாம், அங்கே வரவேற்பறையில் திப்புவின் ரொக்கெட் படையை வரைந்த ஓவியம் ஒன்று தொங்குவதைக் கண்டதாக எழுதியிருக்கிறார். ராமேஸ்வரத்துக்காரருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். வலப்ஸ் என்ற பெயரை நினைவில் வைத்திருங்கள், திரும்பவும் வரும்.

ஆனால் இரும்பு எவ்வளவுதான் தாங்கினாலும் கரிமருந்தின் வாயு செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் வேகத்தைத் தொடுவதே அரிது. பூமியைச் சுற்றி விழாமல் ஓட வேண்டுமென்றால் செக்கனுக்கு 7.8 கிலோமீற்றர் வேண்டும். மேலே ஏறும்போது புவியீர்ப்பும் காற்றும் பறிக்கும் பங்கையும் சேர்த்தால் ஒன்பதுக்கு மேல். வாயுவின் வேகம் ஒன்று. ரொக்கெட்டுக்கு வேண்டிய வேகம் ஒன்பது. இந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்பதைத்தான் ருஷ்யாவின் கலூகா ஊரில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்த, காது மந்தமான ஓர் ஆசிரியர் 1903இல் வெளியிட்டார். கொன்ஸ்தாந்தின் சியோல்கோவ்ஸ்கி. அவர் ஒரு ரொக்கெட்டும் கட்டவில்லை. ஒரு சமன்பாடு எழுதினார், அது போதுமாக இருந்தது.

கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். உகந்தை முருகனைக் கும்பிட்டுக் குமண, யால காட்டுக்குள் இறங்கினால் கடை கண்ணி கிடையாது. சாப்பாட்டைச் சுமந்துகொண்டுதான் போகவேண்டும். நடை ஒரு நாள் கூடினால் ஒரு நாள் அரிசி கூடும். அந்த அரிசியைச் சுமப்பதற்கான பலத்துக்கும் அரிசி வேண்டும். அதற்கும் அரிசி வேண்டும். இரண்டு மடங்கு தூரத்துக்கு இரண்டு மடங்கு மூட்டை போதாது. சியோல்கோவ்ஸ்கியின் சமன்பாடு சொல்வதும் இதைத்தான்: ரொக்கெட் பெறும் வேகம், வெளியேறும் வாயுவின் வேகத்தை, தொடக்கத் திணிவுக்கும் இறுதித் திணிவுக்கும் உள்ள விகிதத்தின் இயற்கை மடக்கையால் பெருக்கிய அளவு. மடக்கை என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாக் கஷ்டமும் இருக்கிறது. வாயு செக்கனுக்கு 3 கிலோமீற்றரில் பாய்கிறது என்று வையுங்கள். ரொக்கெட்டுக்கு 3 கிலோமீற்றர் வேகம் வேண்டுமென்றால் புறப்படும்போது இருந்த திணிவு முடிவில் மிஞ்சுவதைவிட 2.7 மடங்காக இருக்கவேண்டும். 6 கிலோமீற்றருக்கு 7.4 மடங்கு. 9 கிலோமீற்றருக்கு 20 மடங்கு. அதாவது இருபது தொன் எடையில் பத்தொன்பது தொன் எரிந்து போகவேண்டும். மிச்சமுள்ள ஒரு தொன்னுக்குள் தாங்கி, இயந்திரம், குழாய், கணினி, செய்மதி எல்லாம் அடங்கவேண்டும்.

தப்ப இரண்டு வழி. வாயுவின் வேகத்தைக் கூட்டுவது ஒன்று. கொடார்ட் அதைச் செய்தார்: சுவீடன் பொறியியலாளர் டி லாவல் நீராவிச் சுழலிக்காகக் கண்டுபிடித்திருந்த, நடுவில் ஒடுங்கிப் பின் விரியும் கூம்பு வாயை ரொக்கெட்டுக்குப் பொருத்தினார். மருந்தின் சக்தியில் நூற்றுக்கு இரண்டு வீதத்தைக்கூட ஒழுங்காகப் பயன்படுத்தாத பழைய வாணம் எங்கே, அறுபது வீதத்தைத் தாண்டிய அவருடைய பரிசோதனைகள் எங்கே. பிறகு பெற்றோலையும் திரவ ஒட்சிசனையும் எரித்துப் பார்த்தார். 1926 மார்ச் 16ஆம் திகதி மசச்சூசெட்ஸ் மாநிலத்தில், ஓபேர்ன் என்ற ஊரில் ஒரு பண்ணையில் அந்த முதல் திரவ எரிபொருள் ரொக்கெட் இரண்டரைச் செக்கன் பறந்து, பன்னிரண்டு மீற்றர் உயரம் போய் விழுந்தது. இன்று திரவ ஐதரசனும் ஒட்சிசனும் எரியும் இயந்திரங்களில் வாயு செக்கனுக்கு 4.4 கிலோமீற்றர் வரை போகிறது. இரசாயனம் அதற்கு மேல் பெரிதாகக் கொடுக்காது.

இரண்டாவது வழி, வெறுமையான சாக்குகளை வழியில் எறிந்துவிட்டு நடப்பது. ரொக்கெட்டை அடுக்கடுக்காகக் கட்டி, எரிந்து முடிந்த அடுக்கைக் கழற்றி விடுவார்கள். பி.எஸ்.எல்.வி.க்கு நான்கு அடுக்கு. முதலும் மூன்றும் திண்ம எரிபொருள், இரண்டும் நான்கும் திரவம். பெரிய வகை 44 மீற்றர் உயரம், 320 தொன் திணிவு. துருவப் பாதைக்கு அது கொண்டுபோவது 1,750 கிலோகிராம் அளவு. கணக்குப் பார்த்தால் ஆயிரத்துக்கு ஐந்தரைப் பங்கு. ரொக்கெட்டை வேறு எதற்கும் நான் வியக்க மாட்டேன், இந்த விகிதத்தில் அது வேலை செய்கிறதே என்பதற்காக வியப்பேன்.

கழற்றிய அடுக்குகள் எங்காவது விழவேண்டும் அல்லவா? 2023 ஜூலையில் மேற்கு அவுஸ்திரேலியாவின் கிறீன் ஹெட் கடற்கரையில் ஆள் உயரத்தைத் தாண்டிய ஓர் உருளை ஒதுங்கியது, பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் அடுக்கு அது. கடலில் விழுந்தால் இப்படி ஒரு செய்தியோடு முடியும். 1960 நவம்பர் 30ஆம் திகதி புளோரிடாவிலிருந்து தெற்கே ஏவிய அமெரிக்க ரொக்கெட் ஒன்று கோளாறாகி, அதன் துண்டுகள் கியூபாவில் விழுந்து ஒரு மாட்டைக் கொன்றதாகச் செய்தி வந்தது. பெரிய அரசியல் கலவரம். அதன் பிறகு அமெரிக்கர்கள் துருவப் பாதைகளுக்குப் பல பத்தாண்டுகள் கலிபோர்னியாக் கரையையே பிடித்துக்கொண்டார்கள்.

ஏவுதளத்தில் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்கள் திரையில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்தக் கணத்தில் இயந்திரம் நின்றுபோனால் ரொக்கெட் எங்கே விழும் என்று காட்டும் புள்ளி அது. ரொக்கெட் கடலுக்கு மேலே நூறு கிலோமீற்றரில் பறந்துகொண்டிருக்கும்போதே இந்தப் புள்ளி எத்தனையோ நூறு கிலோமீற்றர் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். ரொக்கெட் இலங்கைக்கு மேலே வராவிட்டால் மட்டும் போதாது. இந்தப் புள்ளியும் வரக்கூடாது. வந்தால் ஒரு பழுது, ஒரு ஊர்.

இப்போது திரும்புவதன் விலையைக் கணக்கிடலாம். வேகத்துக்கு அளவோடு திசையும் உண்டு. திசையை மாற்றுவதும் வேகத்தை மாற்றுவதுதான். செக்கனுக்கு 2 கிலோமீற்றரில் போகும் ஒன்றை 40 பாகை திருப்பினால் அதற்கு 1.4 கிலோமீற்றர் அளவு வேக மாற்றம் தேவை. வாயுவின் வேகம் 3 என்று வைத்தால், அந்த நேரத்தில் இருக்கும் திணிவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திரும்புவதற்கே எரிந்துவிடும். இதையே சுற்றுப்பாதை வேகத்துக்குக் கிட்ட, செக்கனுக்கு 7.5 கிலோமீற்றரில் செய்யப் பார்த்தால் வேக மாற்றம் 5 கிலோமீற்றரைத் தாண்டும். ஆகவே மெதுவாக இருக்கும்போதே, தொடக்கத்திலேயே திரும்பிவிடுவது இலாபம். ஆனால் தொடக்கத்திலேயே திரும்பினால் முன்னே இலங்கை. சுற்றிப் போகத் தாமதித்தால் வேகம் ஏறி, திரும்பும் விலையும் ஏறும். பொறியியலாளர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வளைவைத் தேடுகிறார்கள். உண்மையில் ரொக்கெட் வேகம் எடுத்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவதால் விலை நான் சொன்ன மாதிரிக் கணக்கைவிடக் குறைவு. இலவசம் அல்ல.

அந்த விலை எங்கே கழிகிறது என்பதுதான் உறைக்கும் இடம். அடுக்குகளின் இரும்பும் இயந்திரமும் குறையாது. எரிபொருள் தாங்கியின் கொள்ளளவு மாறாது. குறையக்கூடியது ஒன்றுதான், செய்மதி. பெரிய ரொக்கெட் இந்த இழப்பை ஒருவாறு தாங்கும். சின்ன ரொக்கெட்டுக்கு அது உயிர்ப் பிரச்சினை. இந்தியா 2022இல் முதன்முதலாக ஏவிய எஸ்.எஸ்.எல்.வி. 34 மீற்றர் உயரமும் 120 தொன் திணிவும் கொண்டது. வளையாமல் போகக்கூடிய பாதையில், 500 கிலோமீற்றர் உயரத்துக்கு 500 கிலோகிராம் ஏற்றும். அதன் மூன்று பெரிய அடுக்குகளும் திண்ம எரிபொருள். அப்படிப்பட்ட ஒன்றை இலங்கையைச் சுற்றி அனுப்பினால் செய்மதிக்கு மிஞ்சும் இடம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

அதனால்தான் குலசேகரப்பட்டினம். தசராவுக்குப் பேர்போன முத்தாரம்மன் கோயில் உள்ள அதே ஊர், தூத்துக்குடி மாவட்டம். அங்கிருந்து நேர் தெற்கே பார்த்தால் இலங்கை இடப்பக்கம் ஒதுங்கிவிடும், மாலைதீவு வலப்பக்கம் தூரத்தில். நடுவில் கடல்தான், அந்தாட்டிக்கா வரை. 2024 பெப்ரவரி 28ஆம் திகதி, 2,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில், எஸ்.எஸ்.எல்.வி.க்கான ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வெள்ளவத்தையிலிருந்து அந்த ஊர் நேர்கோட்டில் 260 கிலோமீற்றர். வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம்கூட 300க்கு மேல். குலசேகரப்பட்டினத்திலிருந்து தெற்கே கிளம்பும் ரொக்கெட், மேகம் விட்டால், வெள்ளவத்தைக் கடற்கரையிலிருந்து வடமேற்கு அடிவானில் முளைத்து மேற்கு வானத்தைக் குறுக்காகக் கடப்பது தெரியவேண்டும். நமக்கு மேற்கே 200 கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் அது கடக்கும். அப்போது 100 கிலோமீற்றர் உயரத்தை எட்டியிருந்தால் அடிவானத்திலிருந்து இருபது பாகைக்கு மேல் நிற்கும், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் நின்றே பார்க்கலாம்.

அயலவரைச் சுற்றிப் போவது இந்தியாவுக்கு மட்டும் வந்த தொல்லை அல்ல. இஸ்ரேல் தன் செய்மதிகளைக் கிழக்கே ஏவினால் அரபு நாடுகளுக்கு மேலே போகவேண்டும் என்பதால் மேற்கே, மத்தியதரைக் கடலுக்கு மேலாக ஏவுகிறது. பூமி கிழக்கே சுழல்கிறது. அந்த அகலாங்கில் நிலமே செக்கனுக்கு 395 மீற்றர் வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. கிழக்கே ஏவுகிறவருக்கு அது இனாம். மேற்கே ஏவுகிறவர் அந்த இனாமை இழப்பதோடு அதே அளவை எதிர்த்தும் போகவேண்டும்.

இந்தக் கிழக்கு இனாம் மிகவும் வேண்டியது இன்னொரு வகைச் செய்மதிக்கு. 1945 ஒக்டோபரில் வயர்லெஸ் வேர்ல்ட் சஞ்சிகையில் ஓர் இளம் விமானப்படை அதிகாரி எழுதினார்: மத்திய கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதி இருந்தால் அது பூமியோடு சேர்ந்தே சுற்றும், தரையிலிருந்து பார்ப்பவருக்கு நின்ற இடத்திலேயே நிற்கும், மூன்று இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம். எழுதிய ஆதர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் இறக்கும் வரை இங்கேயே வாழ்ந்தார். நம் வீட்டுக் கூரைகளில் தட்டு வைத்துத் தொலைக்காட்சி பார்ப்பது அந்த உயரத்திலிருந்து வரும் அலையில்தான். அந்தப் பாதைக்கு ரொக்கெட் கிழக்கே போகும். இலங்கை குறுக்கே வராது.

கிளார்க் ரொக்கெட்டின் அரிசி மூட்டைக் கணக்கை நன்றாக அறிந்தவர். பிரித்தானிய கிரகங்களிடைச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். 1979இல் வெளியிட்ட ஒரு நாவலில் ரொக்கெட்டையே வேண்டாம் என்று விட்டார். இலங்கையை ஒத்த ஒரு தீவின் மலையுச்சியிலிருந்து அந்த நிலையான உயரம் வரை ஒரு கம்பியை இழுத்து, மின்தூக்கியில் ஏறிப் போவது அவருடைய கற்பனை. எரிபொருளைத் தூக்குவதற்கு எரிபொருள் சுமக்கத் தேவையில்லை. கம்பிக்குத் தேவையான உறுதியுள்ள பொருளை அவ்வளவு நீளத்துக்கு இன்னும் யாரும் செய்யவில்லை. தீவையும் அவர் கதைக்காகத் தெற்கே நகர்த்தி மத்திய கோட்டில் வைக்கவேண்டியிருந்தது.

நகர்த்தாமலே இலங்கைக்கு நல்ல இடம்தான் வாய்த்திருக்கிறது. தேவேந்திரமுனைக்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை நிலம் கிடையாது. கிழக்குக் கரைக்கு முன்னே அகன்ற கடல். ஆறேழு பாகை அகலாங்கு என்பதால் கிழக்கு இனாமும் ஸ்ரீஹரிகோட்டாவைவிடக் கொஞ்சம் கூட. ரொக்கெட்டின் வழியில் தடையாகக் கிடக்கும் நாடே ரொக்கெட் ஏவச் சிறந்த இடங்களில் ஒன்று. ஆனால் இடம் இந்தத் தொழிலில் மிக மலிந்த பாகம். திண்ம எரிபொருளை வெடிப்பு விழாமல் வார்ப்பதற்கும், செக்கனுக்கு இத்தனை கிலோ என்று தவறாமல் எரிபொருளைத் தள்ளும் பம்பிக்கும், பத்துப் பதினைந்து தோல்விகளைத் தாங்கும் பணத்துக்கும் ஒரு கடற்கரை ஈடாகாது. இந்தியா தும்பா ஏவுதளத்தில் 1963 நவம்பர் 21ஆம் திகதி முதல் ரொக்கெட்டை விட்டபோது அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். தன் சொந்த ரொக்கெட்டில் ஒரு செய்மதியைச் சுற்றவிட அதற்கு 1980 வரை எடுத்தது.

நம் பொறியியலாளர்கள் இப்போதைக்கு மற்றவர்களின் ரொக்கெட்டில் இடம் கேட்டுப் போகிறார்கள். தரிந்து தயாரத்னவும் துலானி சாமிகாவும் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்துக்கொண்டு செய்த ராவணா-1 செய்மதி, ஒரு கிலோகிராமைச் சற்றுத் தாண்டிய சின்னப் பெட்டி. 2019 ஏப்ரல் 17ஆம் திகதி அது வலப்ஸ் தீவிலிருந்து, கலாம் ஓவியம் பார்த்த அதே இடத்திலிருந்து, சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனது. ஜூன் 17ஆம் திகதி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டது. விட்ட இடத்தின் சாய்வே அதற்கும் சாய்வு: மத்திய கோட்டுக்கு 51.6 பாகை. அந்த எண் எங்கிருந்து வந்தது? நிலையத்தின் ருஷ்யப் பகுதிகள் கசகஸ்தானின் பைக்கனூரிலிருந்து புறப்படுகின்றன. பைக்கனூர் கிட்டத்தட்ட 46 பாகை வடக்கில் இருக்கிறது. நேர் கிழக்கே ஏவினால் 46 பாகைச் சாய்வு கிடைத்திருக்கும், கிழக்கு இனாமும் முழுதாகக் கிடைத்திருக்கும். ஆனால் அந்த வழியில் கழற்றிய அடுக்குகள் சீனாவுக்குள் விழும். அதனால் வடகிழக்கே சாய்த்து ஏவுகிறார்கள். கொழும்புக்கு மேலே கடந்துபோன ராவணா-1, சீனாவைச் சுற்றிப் போகும் பாதையில்தான் ஓடியது.